நாரத்தை, பிச்சி, அதற்குப் பிறகு

மணிக்கட்டில் ஒரு துளி வெளிச்சம்.

விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் வாயில் ஒரு சின்ன எஃகு உருண்டை. உருண்டை உருள்கிறது. நரம்பின் மேல் ஈரமாய் ஒரு கோடு விழுகிறது. சாயங்கால வெயில் அந்தக் கோட்டில் வந்து உட்கார்கிறது.

தேய்க்கக் கூடாது. அது தானாகக் காய வேண்டும்.

இறால் கம்பெனியின் பின்பக்கக் குளியலறை. தகரக் கதவில் ஆணி போன ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வரும் வெயிலில் பிரம்மசக்தி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பாள். யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவள் போல. அல்லது கொடுக்கப் போகிறவள் போல.

தினமும் இப்படித்தான். வேலை முடிந்து, வகுப்புக்குப் போகும் முன்.

*

ஆடி மாதம் மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது அது. வளையல் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே ஒரு பலகை. பலகை நிறையக் குப்பிகள். மலிவு. அவளைப் போன்றவர்களும் நின்று கேட்கக்கூடிய மலிவு.

விற்ற பெண்மணி அவள் கையைப் பிடித்து உருட்டிவிட்டுச் சொன்னாள். "மொதல்ல நாரத்தை எலையக் கசக்குன மாதிரி வரும். அது போயிரும், பயப்படாத. பொறவு பிச்சிப்பூ. அதுவும் போயிரும். கடைசியில கஸ்தூரி. அது போவாது. தேய்ச்சிராத பிள்ள. தேய்ச்சா நடுவுல உள்ளது செத்துப்போவும்."

போவாது. அந்தச் சொல்லைத்தான் பிரம்மசக்தி வாங்கினாள்.

*

எதையும் வரிசையாகச் செய்தால் தப்பு வராது என்று நம்புகிறவள் அவள். வரிசையாகச் செய்து முடித்த பிறகும், எங்கோ ஒன்றைத் தவற விட்டுவிட்டோமோ என்று நினைக்கிறவள்.

முதலில் எலுமிச்சை மூடி. பிறகு சோப்பு. பிறகு பழைய பல் பிரஷ்ஷால் நகக்கண்கள். துடைத்துவிட்டு ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய். காய்ந்த தோலில் வாசனை நிற்காது என்பதைக் கெட்டுக் கெட்டுத்தான் கண்டுபிடித்தாள். அதன் பிறகே குப்பி. மணிக்கட்டு. முழங்கை மடிப்பு. காதின் பின்பக்கம்.

பேருந்து ஏறும்போது நாரத்தை. கூர்மையாக, பச்சையாக, வாயில் எச்சில் ஊற வைப்பதாக. உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாய் ஓடும். அவளுடைய அம்மா அந்த வெள்ளைக்குள் எங்கோ ஒரு புள்ளியாய்க் குனிந்திருப்பாள். உப்பளம் முடியும்போது நாரத்தையும் முடிந்துவிடும்.

பழைய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பிச்சி. மெல்ல, யாரோ தலையில் பூ வைத்துக்கொண்டு கூடவே நடந்து வருவதுபோல. செல்போன் கடை மாடியில் கணக்கெழுதும் வகுப்பு. படி ஏறும்போதும் பிச்சி. கம்ப்யூட்டர் முன் உட்காரும்போதும் பிச்சி. அந்த நேரத்தில் அவள் முதுகு நிமிர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு கஸ்தூரி. ஆனால் அது அவள் தோலில் தனியாக வருவதில்லை. மண்ணைத் தோண்டும்போது கூடவே வரும் வேரைப் போல, அதன் அடியிலிருந்து இன்னொன்றும் கிளம்பி வரும். எலுமிச்சைக்கும் சோப்புக்கும் அடியில், தோலுக்கும் அடியில், எங்கோ கிடந்த ஒன்று.

எப்போது கிளம்புகிறது என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு என்றும் தெரியாது. நாள் முழுக்க இறாலில் கிடந்த மூக்கு அது. இறாலை அது எப்போதோ மன்னித்துவிட்டது.

ஷெரின் எழுந்து சன்னலைத் திறக்கும்போதுதான் தெரியும்.

*

ஷெரின் பக்கத்து நாற்காலி. கெட்ட பிள்ளை இல்லை. தெரியாத பாடத்தைச் சொல்லித் தருவாள். தின்பண்டம் கொண்டுவந்தால் பங்கு தருவாள். தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வகுப்பின் பிற்பகுதியில், ஏதோ ஒரு நேரத்தில், மூக்குக்கு முன்னால் கையை ஒரு தடவை வீசுவாள். புழுக்கமா இருக்கு என்பாள். சன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்காருவாள்.

மழை பெய்யும்போதும் புழுக்கமா இருக்கு என்பாள்.

பிரம்மசக்தி திரையிலிருந்து கண் எடுக்க மாட்டாள். விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம். வகுப்பு முடிந்து படி இறங்கும்போது, மாடிப்படித் திருப்பத்தில், யாரும் இல்லாத இருட்டில், கையை மூக்கோடு அழுத்தி இழுத்துப் பார்ப்பாள்.

ஒன்றும் இல்லை. வெறும் கை.

வெறும் கைதானா? தெரியாது.

*

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஓர் உலர்ந்த அறை. அதில் ஒரு நாற்காலி.

இறால் கம்பெனியில் நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே வேலை. ஐஸ் தண்ணீரில் கை. தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, அடுத்தது. கையுறை போட்டாலும் இறாலின் கொம்பு ரப்பரைக் குத்திக்கொண்டு உள்ளே வரும். குத்திய இடம் வெளுத்து, ஊறி, ஆறாமல் கிடக்கும்.

புரட்டாசியில் வகுப்புச் சார் சொன்னார். துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்கள். ஒரே ஓர் ஆள். மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்புக்கே வந்து பார்ப்பார். உன்னையும் ஷெரினையும்தான் சொல்லியிருக்கேன் என்றார்.

அன்றிலிருந்து அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள். மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். அன்றைக்கு மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.

ஐப்பசி வந்தது. மேகம் கடல் பக்கமிருந்து ஏறியது. மழை விழுந்தால் உப்பளம் மூடிவிடும், அம்மா வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். தை பிறக்கும் வரை வீட்டில் உலை கொதிப்பது இவளுடைய கைகளால்தான்.

*

கம்பெனிக்குள் பருவம் கிடையாது. சன்னல் இல்லை. குழல்விளக்கின் வெள்ளை. தரையில் ஓடும் தண்ணீர். நுழைகிற இடத்தில் குளோரின் தொட்டி, காலை நனைத்து, கையை முக்கி, உள்ளே போக வேண்டும். வாசலில் ஒரு பலகை. பூ கூடாது. வளையல் கூடாது. பவுடர் கூடாது. சென்ட் கூடாது.

பிரம்மசக்தி அதை ஒருநாளும் மீறியதில்லை. சாயங்காலம் பூசுவது, சாயங்காலத்துக்கு. நடுவில் ராத்திரி ஒரு கடலைப் போல அகலமாகக் கிடக்கிறது. காலையில் குளித்துவிட்டுத்தான் வருகிறாள். வந்து கையை மோந்து பார்க்கிறாள். ஒன்றும் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் பிலோமி மேடம் முதல் தடவையாக மேசைகளுக்கு நடுவே வந்து நின்றாள். அவள்தான் சூப்பர்வைசர். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நாலு இறாலை எடுத்துக் கொதிநீரில் போட்டு, ஆவியை மோந்து பார்ப்பது அவள் வேலை. அதில் ஏதாவது ஒரு வாசனை தட்டினால் சரக்குக் கப்பல் ஏறாது.

இந்த மேசை இறால் ஆவியில் பூ வாசம் அடிக்கிறது என்றாள்.

எதிர்ப்பக்கம் நின்ற அன்னத்தாய், கை நிறுத்தாமல், தலை நிமிராமல் சொன்னாள். "எறாலு சடங்காயிருக்கும் மேடம். பூ வச்சிருக்கும்."

மேசையே குலுங்கிச் சிரித்தது. பிலோமி மேடத்துக்கும் உதடு துடித்தது. பிரம்மசக்தியும் சிரித்தாள். மனதார. யாருடையதோ அது, தன்னுடையது இல்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் இன்னொரு தடவை பூ வாசம் வந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

*

அன்னத்தாயும் அவளும் ஒரே தொட்டி. இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கை, அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கை. அன்னத்தாய் அம்மா என்று கூப்பிட இளையவள், அக்கா என்று கூப்பிட மூத்தவள். வாய் ஓயாது. கை அதைவிட ஓயாது.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து, பிரம்மசக்தி குளியலறையில் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது, அன்னத்தாய் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். புதுப்பழக்கமாக அவள் முகத்தில் வெட்கம் இருந்தது.

"ஏட்டி, அந்தப் புட்டிய எனக்கும் ரெண்டு இழுப்பு இழு. மவளப் பாக்க வாராவ. பிள்ளையப் பாக்குமுன்ன அவ ஆத்தாளத்தான் மோந்து பாப்பாவ."

பிரம்மசக்தி குப்பியைப் பார்த்தாள். நாளைதான் மேனேஜர் வரும் வெள்ளிக்கிழமை. அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஒரு கணம், இல்லை, ஒரு கணத்துக்கும் அதிகமாக, அவள் யோசித்தாள். பிறகு உருட்டினாள். மணிக்கட்டில். முழங்கை மடிப்பில். காதின் பின்னால்.

"தேய்ச்சிராதீங்கக்கா."

அன்னத்தாயின் தோல் அதைக் குடித்தது. பிரம்மசக்தியின் கையில் வரவே தயங்கும் பிச்சி, அங்கே உடனே, கொடி முழுக்கப் பூத்தது. பேருந்து நிறுத்தம் வரை பூத்தது. ஒரே குப்பி. ஒரே உருண்டை. பிரம்மசக்திக்குப் பொறாமையாக இருந்தது. அதை அவள் தனக்குள்ளேயே வெட்கப்பட்டு மறைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை விடிந்ததே மழையோடு.

அன்னத்தாய் தலை துவட்டாமல் வந்தாள். முகம் விளக்கேற்றியது போலிருந்தது. சரி என்று சொல்லிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். பிடித்த கையை விடவே இல்லையாம்.

குளித்தீர்களா அக்கா என்று பிரம்மசக்தி கேட்டாள். அன்னத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "குளிச்சேன். கைய மட்டும் தேய்க்கல. கழுவ மனசு வரலட்டி."

அதைக் கேட்டபோதே இவள் எதையாவது செய்திருக்க வேண்டும். எலுமிச்சை மூடியைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மணி அடித்துவிட்டது. குளோரின் தொட்டியில் மணிக்கட்டுவரை முக்கிவிட்டு, எல்லோரும் உள்ளே போனார்கள்.

*

பிலோமி மேடம் வந்தபோது அவள் நடையிலேயே தெரிந்தது.

மூன்றாவது தடவை. இனி மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது, ஓர் ஆளைக் காட்டியாக வேண்டும் என்றாள். கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னாள். வரிசையாக நிற்கச் சொன்னாள். கையை நீட்டச் சொன்னாள்.

எல்லோரும் கையை நீட்டினார்கள். வெளுத்த விரல்கள், ஊறிய விரல்கள், கொம்பு குத்திய விரல்கள். யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவர்கள் போல.

பிலோமி மேடம் ஒவ்வொரு கையாகக் குனிந்து மோந்துகொண்டே வந்தாள். பிரம்மசக்தியின் கைக்கு மேல் அவளுடைய மூச்சு வந்து தொட்டது. குளோரின். இறால். ம் என்றாள். கடந்து போனாள்.

அன்னத்தாயிடம் நின்றாள். மணிக்கட்டில் குனிந்தாள். முழங்கையில் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"இத்தன நாளும் நீதானா?"

அன்னத்தாய் ஒரு தடவை பிரம்மசக்தியைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். நேற்று பூசினேன் மேடம் என்றாள். அதற்கு முந்தி நான் பூசினதில்லை என்றாள். அதை யாரும் நம்பவில்லை. சென்ட் யார் கொடுத்தது என்று மேடம் கேட்டாள்.

ஓயாத வாய் ஓய்ந்திருந்தது.

*

பிரம்மசக்தி வரிசையாக யோசித்தாள். வேறெப்படியும் யோசிக்க அவளுக்குத் தெரியாது.

நேற்றுத்தான் அன்னத்தாய் பூசினாள். புரட்டாசியில் பூசவில்லை. ஐப்பசி முதல் வாரத்திலும் பூசவில்லை. அன்றைக்கு ஆவியில் எழுந்த பூ யாருடையது?

நான் காலையில் குளிக்கிறேன். கையில் ஒன்றும் இல்லை. மேடமே மோந்து பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை.

அப்போது அவள் கண் ஆணிகளுக்குப் போனது. நீளக் கையுறைகள். முழங்கைவரை ஏறுகிறவை. ஒவ்வொன்றிலும் மையில் பெயர். பி.சக்தி. தண்ணீர் படாத இடம் அதில் ஒன்றுதான், அதன் வாய். அந்த வாய் நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கிற இடம், முழங்கை மடிப்பு.

கடைசியில் கஸ்தூரி. அது போவாது.

ராத்திரி கடல் இல்லை. நடுவில் எதுவும் கிடக்கவில்லை. வாசனை ஒருநாளும் போகவில்லை. அவளுடைய மூக்குத்தான் களைத்துத் தூங்கிவிட்டது. அங்கே வகுப்பில், சாயங்காலங்களில் அவள் இறாலாக இருந்தாள். இங்கே காலைகளில் பூவாக இருந்தாள். இரண்டு இடத்திலும் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

இல்லை. அதுவும் நிச்சயமில்லை. நான் தப்பாக யோசிக்கிறேனோ? அவள் ஆணிப்பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு, தன் கையுறையின் வாயை மூக்கோடு அழுத்தினாள். இழுத்தாள். ரப்பர். வெறும் ரப்பர்.

தெரியாது.

தெரியாது என்பது எவ்வளவு வசதி. சும்மா நிற்கலாம். அவள் கை ஏற்கனவே பார்த்துக் கடக்கப்பட்ட கை. சாயங்காலம் அந்த மேனேஜர் வருகிறார். உலர்ந்த அறை. ஒரு நாற்காலி. வெளியே மழை, மூடிக்கிடக்கும் உப்பளம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மா. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வலிமை எதுவும் வேண்டாம்.

அன்னத்தாய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். ஈர முடிச்சு. விரல் வழுக்கி வழுக்கி விலகியது. பிடித்த கையை விடவே இல்லையாம் என்று காலையில் சொன்ன அதே விரல்கள்.

"மேடம்." தன் குரல் என்று பிரம்மசக்திக்குத் தோன்றவில்லை. "இத மோந்து பாருங்க."

பிலோமி மேடம் கையுறையை வாங்கினாள். வாயை விரித்து முகத்தோடு வைத்தாள். வெகுநேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவள் கண்கள் மெல்ல மூடின. அந்த முகத்தில் பிரம்மசக்தி அதைப் பார்த்தாள். நாரத்தை இல்லை. பிச்சி இல்லை. கடைசியானது. போகாதது.

அவள் மூக்குக்குக் கிடைக்காதது இன்னொருத்தியின் முகத்தில் இருந்தது.

*

பிலோமி மேடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஓர் ஆளைக் காட்டினால் போதும், இரண்டு பேரைக் காட்ட வேண்டியதில்லை என்றாள். அன்னத்தாயைக் கையைக் கழுவிவிட்டு வந்து நிற்கச் சொன்னாள். பிரம்மசக்தியை ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னாள். பிரம்மசக்தியின் பையிலிருந்து குப்பியை எடுத்து, தலையும் தோலும் போடுகிற பீப்பாயில் எறிந்தாள். சத்தமே இல்லாமல் அது உள்ளே போயிற்று.

பிரம்மசக்தி மேசையைக் கடந்து வெளியே போனபோது அன்னத்தாய் தொட்டிக்குத் திரும்பியிருந்தாள். கை இறாலை உரித்துக்கொண்டிருந்தது. தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கிறுக்கி. வாயத் தொறக்க ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா?"

அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ஐஸ் தண்ணீரில் விழுந்தது.

*

மத்தியானம் வெளியே மழை. பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் சோப்புப் போட்டுக் கழுவினாள். எண்ணெய் இல்லை. எலுமிச்சை இல்லை. நாரத்தை இல்லை, பிச்சி இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். போனால் அம்மா ஏன் இந்த நேரத்தில் என்று கேட்பாள். கேட்டால் அழுகை வரும். அழுத முகத்தோடு சாயங்காலம் போக முடியாது.

மேனேஜருக்கு ஜலதோஷமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்றில்லை. எல்லாச் சாமியிடமும்.

மேனேஜருக்கு ஜலதோஷம் இல்லை. நல்ல மனிதராகத் தெரிந்தார். ஒரு மாதக் கணக்கைக் கொடுத்து ஏற்றச் சொன்னார். அவள் பின்னால் நின்று பார்த்தார். விரல்கள் தப்பவில்லை. ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. கடைசிக் கூட்டல் திரையில் நேராக வந்து நின்றது.

அப்போது ஷெரின் எழுந்தாள். புழுக்கமா இருக்கு என்றாள். சன்னலைத் திறந்தாள்.

மழை உள்ளே வந்தது. சாரல் விசைப்பலகையின் மேல் விழுந்தது. மேனேஜர் சன்னலைப் பார்த்தார். பிறகு அவளுடைய விரல்களைப் பார்த்தார். வெளுத்த நுனிகள். கொம்பு குத்திய புள்ளிகள்.

எங்கம்மா வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார்.

"எறா கம்பெனியில சார். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எல்லோரும் போன பிறகு வகுப்புச் சார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அங்க ஏ.சி. ரூம்மா. சன்னல் கெடையாது."

*

அதற்குப் பிறகு மழைதான்.

உப்பளத்தில் தண்ணீர் ஏறியது. வெள்ளை கரைந்து கடலோடு கடலாகப் போயிற்று. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். இருவரும் ஓட்டு ஒழுக்குக்கு அடியில் ஏனம் வைப்பதும் எடுத்துக் கொட்டுவதுமாக இருந்தார்கள்.

ஒரு காலையில் பிரம்மசக்தி திடுக்கிட்டு எழுந்தாள். யாரோ பக்கத்தில் நிற்பதுபோல. யாரும் இல்லை. சுவரின் பூஞ்சை. அம்மாவின் வெற்றிலை. அடுப்புச் சாம்பல். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து தன் பெயரைச் சொன்னது. மூக்கு விழித்திருந்தது.

கொடியில் அவளுடைய துப்பட்டா காயாமல் தொங்கியது. வகுப்புக்குப் போடுகிறது. அவள் அதை எடுத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

இறாலும் கஸ்தூரியும். இரண்டும் சேர்ந்து. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாதபடி, பூவைப் போட்டு மூடிய ஏதோ ஒன்றைப் போல. இதுவா? இத்தனை நாளும் இப்படியா போய் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்?

ஷெரின் பொய் சொல்லவில்லை. புழுக்கமாகத்தான் இருந்திருக்கும்.

துப்பட்டாவை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுதாள். சத்தமில்லாமல், ஒழுக்கு ஏனத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே.

*

ஞாயிற்றுக்கிழமை அன்னத்தாய் வந்தாள். அன்றைக்கும் வேலை வைத்திருந்தார்களாம். கம்பெனியிலிருந்து நேராக வந்தாள்.

அவளுக்கு முன்னால் அவள் வாசம் வந்தது. நிலையைத் தாண்டி, அறைக்குள், தொண்டைக்குள். பிரம்மசக்தியின் கை தானாகச் சன்னல் கொக்கிக்குப் போனது. கொக்கியைத் தொட்டும்விட்டது.

அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது.

கையை எடுத்தாள். பாயை விரித்தாள். அன்னத்தாயின் பக்கத்திலேயே, தோள் தொட, உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். விடாமல் முழுதாக இழுத்தாள்.

அன்னத்தாய் இடுப்புச் செருகலிலிருந்து குப்பியை எடுத்தாள். "தலைக் குப்பையில கெடந்துச்சு. நாலு தடவ கழுவியிருக்கேன். இன்னும் ரெண்டு இழுப்புக்கு வரும்."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். நாளைக் காலையில் போய் நிற்க வேண்டும். அங்கேயும் கையை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. குப்பியையும் நாளையையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

பிரம்மசக்தி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் ஒரு மஞ்சள் பிறை. உருண்டையை விரல் நுனியால் தொடவில்லை. மூடியைத் திறக்கவில்லை. நாரத்தை உள்ளே இருந்தது. பிச்சி உள்ளே இருந்தது.

திரும்ப அன்னத்தாயின் கையில் வைத்தாள். "நிச்சயத்தன்னைக்கு நீங்க பூசிக்கங்க. பொறவு ரெண்டு நாளு லீவு போட்டுருங்க."

அன்னத்தாய் குப்பியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே மழை விட்டு, மேற்கே ஓரிடத்தில் மட்டும் வெயில் கிழிந்திருந்தது. அது ஓட்டு இடுக்கு வழியாகப் பாயில் விழுந்தது.

நாளைக்குக் காலையில் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். கையை நீட்ட வேண்டும். அதற்குப் பிறகு தெரியாது.

அவள் இப்போதே கைகளை நீட்டிப் பார்த்தாள். யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவள் போல. அந்த நேரம் பார்த்து ஓட்டிலிருந்து ஒழுக்குத் தண்ணீர் சொட்டியது. மணிக்கட்டில், நரம்பின் மேல்.

ஒரு துளி. சாயங்கால வெயில் அதில் வந்து உட்கார்ந்தது.

அவள் தேய்க்கவில்லை. அது தானாகக் காயட்டும்.